நிற்க ஒரு சுவர்

சாவும் பிறப்பும் ஒரே வேகத்தில் நடந்தால் எதுவும் குறையாது என்று ஒரு கணக்கு நம் எல்லாரிடமும் இருக்கிறது. ஊரில் பத்துப் பேர் போய்ச் சேர்ந்து பத்துப் பிள்ளைகள் பிறந்தால் ஊர் அப்படியே இருக்கும். வேம்பு உதிர்த்ததைத் துளிர்த்துக்கொண்டால் வேம்பு அப்படியே இருக்கும். உடம்பைப் பற்றியும் இதையேதான் நம்புகிறோம். தோல் உரிகிறது, புதுத் தோல் வருகிறது. ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாளில் சாகிறது, எலும்பு மஜ்ஜை வேறொன்றை அனுப்பி வைக்கிறது. "உடம்புல இருக்கிற செல் எல்லாம் ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை மாறிடுமாம்" என்று டீக்கடையில்கூடச் சொல்லக் கேட்கலாம். அந்த ஏழு வருஷக் கணக்கு தவறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முற்றிய எம்ஃபிசீமா வந்த நுரையீரலில் இந்தக் கணக்கு உதவாது. 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த எம்ஃபிசீமா நுரையீரல் துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். காற்றறைகளின் சுவர்ச் செல்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் செத்துக்கொண்டிருந்தன. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதே சுவர்களில் வழக்கத்தைவிட அதிகமாகச் செல்கள் பிறந்துகொண்டும் இருந்தன. அடுத்த வருடம் இத்தாலியின் பதுவையிலிருந்து (அந்தோனியாரின் அதே பதுவைதான்) ஒரு குழு, நோயின் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்ட நுரையீரல்களைப் பார்த்துவிட்டு, சாவு எகிறிக் கிடக்கிறது, பிறப்பு அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்று எழுதியது. இரண்டு முடிவுகளும் ஒன்றல்ல. ஆனால் அழிந்துகொண்டிருக்கும் நுரையீரல் சும்மா கிடக்கும் ஓர் உறுப்பு அல்ல என்பது இரண்டிலும் தெரிகிறது. உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. உயிர் பிரிகிறது, உயிர் பிறக்கிறது, நுரையீரல் மட்டும் திரும்பி வருவதில்லை.

அப்படியானால் புதுப்பித்தல் என்று நாம் சொல்வதற்கு என்ன பொருள்? எண்ணிக்கை சரியாகிவிட்டால் இழந்தது திரும்பிவிட்டது என்று சொல்லலாமா? இது அறிவியல் கேள்வி மட்டுமாக இருந்திருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். இதே கேள்வியை மூச்சுக்குத் திணறும் ஒரு மனிதர் தன் மருத்துவரிடம் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்பது அறம் சம்பந்தப்பட்டது.

*

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். எம்ஃபிசீமா என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஊதிப் பருத்தல் என்று பொருள். ஸ்டெதஸ்கோப்பை 1816இல் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லெனெக், 1819இல் வெளியிட்ட நூலில் இந்த நோயைத் துல்லியமாக விவரித்தார். இறந்தவர்களின் நுரையீரலை ஊதி, காயவைத்து, அறுத்துப் பார்த்தார். சாதாரணமாக அறுத்தால் நுரையீரல் சுருங்கிப்போய் எதுவும் தெரியாது. ஊதிய நிலையிலேயே உலர்த்தியதால் சின்னச் சின்ன அறைகள் ஒன்றோடொன்று கலந்து பெரிய குழிகளாகி இருப்பது அவருக்குத் தெரிந்தது. நுரையீரலைக் காதாலும் கண்ணாலும் நமக்கு அறிமுகப்படுத்திய அந்த மனிதர் 45 வயதில் காசநோயில் இறந்தார்.

நம் இரு நுரையீரல்களிலும் சேர்த்து சராசரியாக 48 கோடிக் காற்றறைகள் இருக்கின்றன. இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ரத்தத் தந்துகிகள் ஓடுகின்றன. காற்றும் ரத்தமும் சந்திக்கும் இடத்தில் அந்தத் தடுப்பு ஒரு மைக்ரானைவிட மெல்லியது. ஆக்சிஜன் உள்ளே போவதும் கரியமில வாயு வெளியே வருவதும் அந்த வழியாகத்தான். சுவருக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதைப் பாடப்புத்தகத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அது இழுத்துப் பிடிக்கிறது. ஒவ்வொரு சுவருக்குள்ளும் எலாஸ்டின் என்ற ரப்பர் போன்ற நார் இருக்கிறது. கோடிக்கணக்கான சுவர்கள் நாலா பக்கமும் இழுத்துக்கொண்டிருப்பதால்தான் நடுவில் ஓடும் சின்ன மூச்சுக்குழாய்கள் மூடிக்கொள்ளாமல் திறந்திருக்கின்றன. மூச்சை விடும்போது நாம் எந்த முயற்சியும் செய்வதில்லை. இழுக்கப்பட்ட நார் தானாகச் சுருங்கிக் காற்றைத் தள்ளிவிடுகிறது.

பழைய ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன அறைகள், குடும்பத்துக்கு ஒன்று. நடுச்சுவர்களை எல்லாம் இடித்துவிட்டால் பெரிய கூடம் கிடைக்கும், பார்க்க விசாலமாக இருக்கும். ஆனால் குடியிருக்க முடியாது. ஆணி அடிக்கச் சுவர் இல்லை, கூரையைத் தாங்கவும் ஆள் இல்லை. எம்ஃபிசீமாவில் நடப்பது இதுதான். அறைகள் கலந்து கூடமாகின்றன, ரத்தம் காற்றைத் தொடும் பரப்பு குறைகிறது, மூச்சு விடும்போது குழாய்கள் அமுங்கி மூடிக்கொள்கின்றன, உள்ளே போன காற்று சிக்கிக்கொள்கிறது.

என் தாய்மாமா ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் முப்பது வருடத்துக்குமேல் கணக்கெழுதியவர். எந்நேரமும் சிகரெட். பிறகு ஒரு நாள் விட்டுவிட்டார், யாரும் சொல்லி அல்ல. விட்ட சில வருடங்களில் நோய் தெரியவந்தது. முழங்கால்மேல் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, விளக்கை ஊதி அணைக்கிற மாதிரி உதட்டைக் குவித்து மூச்சு விடுவார். ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "எல்லாரும் எனக்குக் காத்து பத்தலைன்னு நினைக்கிறாங்கடா. காத்து உள்ளதான் இருக்கு. வெளிய விட முடியலை. பழசு போனாத்தானே புதுசு வரும்?" எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த நோய்க்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் படித்ததில்லை.

அவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டவர். மருத்துவரிடம் கேட்டபோது நானும் கூட இருந்தேன். "டாக்டர், நகம் வெட்ட வெட்ட வளருது. முடி வளருது. அடிபட்டா தோல் மூடிக்குது. சிகரெட்டை விட்டு எட்டு வருஷம் ஆச்சு. இது மட்டும் ஏன் வளரலை?" மருத்துவர் நல்ல மனிதர். "போனது போனதுதாங்க ஐயா. இருக்கிறதைக் காப்பாத்திக்குவோம்" என்றார். வெளியே வந்ததும் மாமா கேட்டது: "அப்ப வரவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதா? வெறும் செலவுதானா?"

வரவு இருந்தது என்று ஜப்பானிலும் இத்தாலியிலும் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் சொல்வார்கள். பிறகு ஏன் இருப்பு ஏறவில்லை?

*

செல்லின் சாவில் பல வகை உண்டு. தீயில் வெந்து சாவது, விஷத்தில் சாவது ஒரு வகை. அவற்றில் செல் வெடித்துச் சிதறி அக்கம்பக்கத்தையும் புண்ணாக்கும். இன்னொரு வகையில் செல் அமைதியாகச் சுருங்கி, தன்னைத் துண்டுதுண்டாகப் பொட்டலம் கட்டி, பக்கத்தில் இருப்பவை விழுங்கிக்கொள்ளும்படி விட்டுவிட்டுப் போகிறது. 1972இல் கெர், வில்லி, கரி என்ற மூவர் இதற்கு அபாப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். அபர்தீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஒருவர் எடுத்துக்கொடுத்த சொல் அது. இலையோ இதழோ உதிர்வதைக் குறிக்கும். தமிழில் இதைச் 'செல் தற்கொலை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தற்கொலையில் ஒரு முடிவு இருக்கிறது, ஒரு மனம் இருக்கிறது. உதிர்தல் என்ற நல்ல சொல் கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டுச் செல்லின்மேல் மனத்துயரத்தை ஏற்றுவானேன்?

உதிர்வது உடம்பின் தோல்வியும் அல்ல. சி. எலிகன்ஸ் என்ற மண்புழுவைவிட மிகச் சிறிய புழு வளரும்போது அதன் உடலில் 1090 செல்கள் பிறக்கின்றன. அதில் சரியாக 131 உதிர்ந்துவிட வேண்டும், எப்போதும் அதே 131. இதைத் தொடர்ந்து ஆராய்ந்த பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. கருவில் நம் விரல்கள் ஒட்டாமல் பிரிந்ததும் நடுவிலிருந்த செல்கள் உதிர்ந்ததால்தான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு கருத்து. 1992இல் மார்ட்டின் ராஃப் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் சாவைப் பற்றிய கேள்வியைத் திருப்பிப் போட்டார். செல் ஏன் சாகிறது என்று கேட்காதீர்கள், ஏன் உயிரோடிருக்கிறது என்று கேளுங்கள் என்பது அதன் சாரம். நம் உடலின் செல்கள் பெரும்பாலும் உதிரத் தயாராகவே இருக்கின்றன. பக்கத்துச் செல்கள் 'இரு, இரு' என்று ரசாயனச் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பதால்தான் அவை இருக்கின்றன. செய்தி நின்றால் செல் உதிரும். அதைக் கொல்ல வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

நுரையீரலில் இது எவ்வளவு உண்மை என்பது 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் எலிச் சோதனையில் தெரிந்தது. ரத்தக் குழாய்ச் செல்களைப் பிழைக்க வைக்கும் வெஜ்எஃப் என்ற செய்திப் புரதம் ஒன்று உண்டு. அதைப் பெற்றுக்கொள்ளும் வாயிலை மட்டும் ஒரு மருந்தால் அடைத்தார்கள். எலிகளுக்குப் புகை காட்டவில்லை. நுரையீரலில் வீக்கமும் இல்லை. ஆனாலும் தந்துகிச் செல்கள் உதிர்ந்தன, சுவர்கள் காணாமல் போயின, எம்ஃபிசீமா வந்தது. அதுவரை இந்த நோயை அரிப்பு என்ற ஒரே கோணத்தில்தான் பார்த்துவந்தார்கள். அரிப்பு உண்மைதான். ஆனால் சுவர் என்பது ஒருவரையொருவர் உயிரோடு வைத்துக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் என்பதும் உண்மை. கூட்டத்தில் ஒரு தரப்பின் காதை அடைத்தால் சுவரே போய்விடும்.

மணிமேகலையில் அறவண அடிகள் சொல்லும் பௌத்தத்தில் 'சார்பு' என்ற சொல் வருகிறது. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது, சார்ந்தது போனால் தோன்றியதும் போகிறது. துன்பம் எப்படி உண்டாகிறது, எப்படி அறுகிறது என்று காட்டப் பயன்பட்ட சொல் அது. செல்லியலை முன்கூட்டிச் சொல்லிவிட்டார்கள் என்று நான் பெருமை பேசப் போவதில்லை, அந்த வியாபாரம் ஏற்கனவே நிறைய நடக்கிறது. ஆனால் ராஃப் சொன்னதைத் தமிழில் யோசிக்கும்போது அந்தச் சொல்தான் எனக்குக் கைகொடுத்தது.

*

ஏழு வருஷக் கணக்குக்கு வருகிறேன். உடலின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு வயது என்று தெரிந்துகொள்ள ஒரு விசித்திரமான கடிகாரம் கிடைத்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்ததால் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரட்டிப்பானது. 1963இல் ஒப்பந்தம் வந்து அந்தச் சோதனைகள் பெருமளவு நின்றபின் அது படிப்படியாகக் குறைந்தது. செடி அதை எடுத்துக்கொண்டது, செடியைத் தின்ற நாமும் எடுத்துக்கொண்டோம். ஒரு செல் பிறந்த வருடத்தின் கார்பன் அளவு அதன் டிஎன்ஏவில் முத்திரை மாதிரி பதிந்திருக்கும். ஸ்வீடனில் யோனாஸ் ஃப்ரிசேன் குழு 2005இலிருந்து இந்த முத்திரையைப் படித்து உடலின் பகுதிகளுக்கு வயது குறித்தது. பெருமூளைப் புறணியின் நரம்புச் செல்களுக்கு நம் வயதே. இதயத் தசைச் செல்களில் 25 வயதில் வருடத்துக்கு 1 சதவீதம் மாறுகிறது, 75 வயதில் அதில் பாதிகூட இல்லை.

நுரையீரலில் இந்தக் கடிகாரத்தை அதற்கும் முன்பே, 1991இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பயன்படுத்தியிருந்தார்கள். செல்களை அளக்கவில்லை, சுவருக்குள் இருக்கும் எலாஸ்டின் நாரை அளந்தார்கள். குண்டு வெடிப்பதற்கு முன்பே வளர்ந்து முடித்தவர்களின் நாரில் குண்டுக் கார்பன் மிகக் கொஞ்சமாகவே ஏறியிருந்தது. அந்த நாரில் இருக்கும் கார்பன் அங்கே தங்கும் காலம் சராசரியாக 74 வருடம் என்று கணக்கிட்டார்கள். அதாவது ஆயுள் முழுக்க. கருவிலும் சிறுபிராயத்திலும் நெய்த நாரை வைத்துக்கொண்டுதான் கிழவர்கள் மூச்சுவிடுகிறார்கள்.

இந்த நார் அறுபடுவது எப்படி என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1963இல் ஸ்வீடனின் மால்மோவில் லாரெல், எரிக்சன் என்ற இருவர் ஏறத்தாழ 1500 பேரின் ரத்தப் பரிசோதனைத் தாள்களில் ஐந்தில் மட்டும் ஒரு புரதப் பட்டை இல்லாமலிருப்பதைக் கவனித்தார்கள். ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம். அந்த ஐந்து பேரில் மூவருக்கு எம்ஃபிசீமா. கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கொட்டுகின்றன. அது நம் நாரையும் அறுத்துவிடாமல் காப்பது இந்தப் புரதம். பரம்பரையாகவே அது குறைந்தவர்களுக்குப் புகை பிடிக்காமலும் நோய் வரலாம். புகை பிடிப்பவர்களுக்கு வெள்ளணுக்கள் கூட்டமாக வருவதோடு, காக்கும் புரதத்தின் வேகத்தையும் புகை குறைத்துவிடுகிறது. அறுந்த இடத்தில் உடம்பு சும்மா இருப்பதில்லை, புது எலாஸ்டினைச் செய்யவும் செய்கிறது. ஆனால் நெசவு வருவதில்லை, சிக்கலாகக் குவிகிறது. நூல் இருந்து தறி இல்லாத நிலை.

இப்போது மாமாவின் கேள்விக்குப் பதில் நெருங்குகிறது. காற்றறைச் சுவரின் பரப்பில் ஏறத்தாழ 95 சதவீதத்தை மூடியிருப்பவை தட்டையான முதல் வகைச் செல்கள். அவை பிரிந்து பெருகுவதில்லை. ஓரங்களில் குண்டாக உட்கார்ந்திருக்கும் இரண்டாம் வகைச் செல்கள்தான் பிரிந்து, அவற்றில் சில தட்டையாகப் பரந்து, உதிர்ந்தவற்றின் இடத்தை மூடுகின்றன. பரவுவதற்கு ஒரு தளம் வேண்டும். தளம் இல்லாவிட்டால்? 1994இல் ஃபிரிஷ், ஃபிரான்சிஸ் என்ற இருவர், பிடிமானத்திலிருந்து பிரிக்கப்பட்ட செல்கள் அந்தக் காரணத்தாலேயே உதிர்ந்துவிடுகின்றன என்று காட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் அனோய்கிஸ். கிரேக்கத்தில் வீடின்மை. காலூன்ற இடம் கிடைக்காத செல் வாழ்வதில்லை, எவ்வளவு புதிதாகப் பிறந்ததானாலும்.

தத்துவத்தில் இதற்குப் பக்கத்தில் இரண்டு பழைய உவமைகள் இருக்கின்றன. புளூடார்க் சொல்லும் தீசியஸின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வருகிறார்கள், எல்லாம் மாறியபின் அது அதே கப்பலா என்று கேள்வி. மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் சொன்ன தேரில் அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேர் இல்லை, அப்படியானால் தேர் எங்கே என்று கேள்வி. இரண்டும் அருமையான கேள்விகள். ஆனால் இரண்டுமே, பலகையை மாற்ற முடியும் என்பதை எடுத்துக்கொண்டுதான் தொடங்குகின்றன. பலகையை மாற்றிய தச்சனைக் கேட்டால் வேறு சொல்வான். ஒரு பலகையைக் கழற்றும்போது மிச்சக் கப்பல் அந்த இடத்தின் வடிவத்தைப் பிடித்துவைத்திருந்தது. அதனால்தான் புதுப் பலகையை எங்கே பொருத்துவது என்று தெரிந்தது. விலா மரங்கள் நொறுங்கிவிட்டால் துறைமுகம் நிறையப் பலகை அடுக்கி வைத்திருந்தாலும் கப்பல் வராது. எதையாவது மாற்ற வேண்டுமானால் அந்த நேரத்தில் மாறாமல் நிற்கும் ஒன்று வேண்டும். நுரையீரலில் அது அந்தப் பழைய நார்.

எல்லாமே மாறுவதுதான், நாரும் மெதுவாக மாறுகிறது என்று பௌத்தர் சொல்லலாம். சரிதான். ஆனால் 74 வருடத்தில் மாறுவதற்காகக் காத்திருக்க எழுபது வயதுக்காரரிடம் சொல்ல முடியாது.

*

இந்த நோயாளிகளைச் சுற்றி இரண்டு விதமான பேச்சு நடக்கும். ஒன்று பழி, இன்னொன்று வாக்குறுதி.

பழி முதலில். "தானே தேடிக்கிட்டது" என்று மாமாவைப் பற்றி உறவில் சொல்லாதவர் குறைவு. புகை காரணம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் புகைத்த எல்லாருக்கும் இது வருவதில்லை, வந்தவர்கள் எல்லாரும் புகைத்தவர்களும் இல்லை. 2015இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நீண்டகால மூச்சடைப்பு நோய் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நுரையீரல் வேகமாகக் குறையவில்லை, இளமையில் எட்ட வேண்டிய உச்சத்தையே அது எட்டவில்லை என்று காட்டியது. அவர்கள் குறைந்த இருப்போடு கணக்கைத் தொடங்கியவர்கள். நார் எப்போது நெய்யப்படுகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் கேள்வி வேறு இடத்துக்குப் போகிறது. சுவர் கட்டப்பட்ட வருடங்களில் அந்த வீட்டுக்குள் என்ன புகை இருந்தது? விறகடுப்பா, அப்பாவின் பீடியா, சிகிச்சை பெறாத சளிக்காய்ச்சலா? தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்கவே செய்யாத பெண்களிடம் மூச்சடைப்பு நோயைத் தேடி அளந்த ஆய்வு உண்டு. அடுப்புப் புகையில் சுவர் இடிவதைவிட மூச்சுக்குழாய் தடித்துச் சுருங்குவதே அதிகம் என்கிறார்கள், ஆகவே இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆனால் நாற்பது வருடம் அடுப்பூதிய ஒருத்தியிடம் "நீயே தேடிக்கிட்டது" என்று யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லக் கூசும் நாக்கு மாமாவிடம் கூசவில்லை என்றால், அங்கே பேசுவது நுரையீரலைப் பற்றிய அறிவு இல்லை.

பழிக்குள் இன்னொரு எண்ணமும் ஒளிந்திருக்கிறது: திருந்தினால் திரும்பக் கிடைக்கும், கிடைக்கவில்லை என்றால் சரியாகத் திருந்தவில்லை. உடம்பில் அப்படி ஒரு பேரேடு கிடையாது. 1977இல் ஃபிளெச்சரும் பீட்டோவும் வரைந்த கோட்டை இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். புகையை விட்டால் நுரையீரல் குறையும் வேகம் புகைக்காதவரின் வேகத்துக்கு இறங்கிவிடும், இழந்தது மட்டும் மேலே ஏறாது. 2020இல் லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் செய்த ஆய்வு ஒன்று இதற்கு ஓர் அழகான பின்குறிப்பைச் சேர்த்தது. புகையை விட்டவர்களின் பெரிய மூச்சுக்குழாய் உட்பரப்பில், புகையின் மரபணுச் சேதம் அநேகமாக இல்லாத செல்கள் பெருகியிருந்தன. சிலரிடம் 40 சதவீதம் வரை, புகைத்துக்கொண்டிருப்பவர்களைப் போல நான்கு மடங்கு. எங்கோ பதுங்கியிருந்த நல்ல செல்கள் வெளியே வந்து பரவுகின்றன. அங்கே பரவ முடிந்தது ஏன்? தளம் அப்படியே இருந்தது. அதே மனிதர், அதே மனமாற்றம், அதே எட்டு வருடம். குழாயில் புதுப்பித்தல் நடக்கிறது, காற்றறையில் நடக்கவில்லை. இதில் பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை.

வாக்குறுதிக்காரர்கள் இந்தப் பாதி உண்மையை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். நுரையீரலைக் கழுவித் தரும் கஷாயம், சில வாரங்களில் 'புது நுரையீரல்', கொஞ்சம் பணம் அதிகம் இருந்தால் ஸ்டெம் செல் ஊசி. செல்களை உள்ளே விடுவது கடினமில்லை. அவை எங்கே போய் நிற்கும் என்பதுதான் கேள்வி. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், சில ரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சையைத் தவிர்த்து, முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று விற்கக் கூடாது என்கிறது. விற்பனை நடக்காமல் இல்லை.

ஆனால் 'ஒருபோதும் முடியாது' என்பதையும் நான் ஏற்கவில்லை. 1997இல் ரெட்டினாயிக் அமிலம் கொடுத்த எலிகளுக்குக் காற்றறைகள் மீண்டும் உருவாயின. மனிதர்களிடம் முயன்றபோது பலன் தெரியவில்லை. 2012இல் ஒரு பெண்ணைப் பற்றிய அறிக்கை வந்தது. 33 வயதில் புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் எடுத்துவிட்டிருந்தார்கள். 15 வருடம் கழித்து மிச்ச நுரையீரலில் காற்றறைகளின் எண்ணிக்கையே கூடியிருந்தது. அங்கே சுவர்கள் நல்லபடியாக இருந்தன, பக்கத்தில் காலியான இடத்துக்குள் அது மூச்சுக்கு மூச்சு இழுபட்டுக்கொண்டும் இருந்தது. மனித நுரையீரலுக்கு வளரத் தெரியும். தெரிந்ததைச் செய்ய அதற்கு என்ன வேண்டும் என்பது வேறு விஷயம்.

சாகவும் செய்யாமல் பிறப்பிக்கவும் செய்யாமல் நின்றுவிட்ட செல்களும் இந்த நுரையீரல்களில் அதிகம். முதுமையடைந்த செல்கள் என்கிறார்கள். செல்லால் ஓரளவுக்குமேல் பிரிய முடியாது, ஏறத்தாழ 50 முறை, என்பதை 1961இல் ஹேஃப்ளிக் கண்டுபிடித்ததும் கருவிலிருந்து எடுத்த நுரையீரல் செல்கள் போன்றவற்றில்தான். அப்படி நின்றுவிட்டவை சும்மா இருப்பதில்லை, அக்கம்பக்கத்தை நோகடிக்கும் பொருள்களைக் கசியவிடுகின்றன. இதைப் படித்துவிட்டு 'வீட்டுப் பெரியவர்கள் மாதிரி' என்று ஒரு நண்பர் சிரித்தார். இந்த உவமைகளைக் குடும்பத்துக்குள் கொண்டுவருகிறவர்களிடம் எனக்குப் பயம் உண்டு. செல்லுக்கு நேர்வதைச் செல்லுக்கு நேர்வதாகவே பார்க்கலாம்.

மாமாவுக்கு நான் சொன்னது இதுதான்: "புதுசு பிறக்குது மாமா. நிக்க இடம் இல்லாம போயிடுது." கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப குத்தம் அதுங்க மேல இல்லை" என்றார். அதன்பிறகு நாலு வருடம் இருந்தார். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி தினமும் வாசலிலிருந்து பிள்ளையார் கோயில் வரை நடந்து, நடுவில் இரண்டு திண்ணையில் உட்கார்ந்து, திரும்புவார். அந்த வீட்டுக்காரர்கள் அவருக்காகத் திண்ணையில் பூந்தொட்டி வைக்காமல் விட்டிருந்தார்கள்.

*

இந்த நோய்க்கு ஒரு வினோதமான அறுவை சிகிச்சை உண்டு. ஏற்கனவே நுரையீரல் போதாமல் திணறுகிறவரின் நுரையீரலில் இன்னும் கொஞ்சத்தை வெட்டி எடுப்பது. 1950களில் ஓட்டோ பிராண்டிகன் முயன்றபோது பலர் ஏற்கவில்லை. 1990களில் ஜோயல் கூப்பர் மீண்டும் கொண்டுவந்தார். 1218 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடத்திய சோதனையின் முடிவு 2003இல் வந்தது. சிலருக்கு, நுரையீரல் மிக மோசமாக இருந்தவர்களுக்கு, கத்தி வைத்தது சாவையே விரைவுபடுத்தியது. ஆனால் சேதம் மேல்பகுதியில் திரண்டிருந்து, உடற்பயிற்சித் திறன் குறைந்திருந்தவர்கள் அறுவைக்குப்பின் நன்றாக மூச்சுவிட்டார்கள், அதிக நாள் வாழ்ந்தார்கள். ஊதிப் பருத்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்த கூடத்தை எடுத்ததும், அமுங்கிக் கிடந்த மிச்சச் சுவர்களுக்கு மீண்டும் இழுக்க முடிந்தது, உதரவிதானம் தன் வளைவுக்குத் திரும்பியது. புதிதாக ஒரு செல்லையும் யாரும் சேர்க்கவில்லை.

இப்படி வெட்டியெடுத்த துண்டுகளைத்தான் நோய்க்குறியியல் அறைக்கு அனுப்பி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக அறுத்துச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். செத்துக்கொண்டிருக்கும் செல்லுக்கு ஒரு சாயம், பிரிந்துகொண்டிருக்கும் செல்லுக்கு இன்னொன்று. கத்தி வைத்த அந்த நிமிடம்வரை அந்தத் துண்டில் செல்கள் பிரிந்துகொண்டிருந்தன.